கன்னே போர் ஹெக்ஸ் பலகையில்: கார்தேஜின் நடு அணி ஏன் இரண்டே சுற்றில் நொறுங்குகிறது?

சில்லுவெட்டி:

வணக்கம். கி.மு. 216இல் ஹானிபலின் கார்தேஜ் படை ரோமரைச் சுற்றிவளைத்து அழித்த கன்னே போரை, இருவர் ஆடும் ஹெக்ஸ் (அறுகோணக் கட்டப் பலகை) வார்கேமாகச் செய்துகொண்டிருக்கிறேன். விதிகள் ஓரளவு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஆடிப் பார்த்தால் கன்னே வரவில்லை. ஆறு சோதனை ஆட்டங்களில் ஐந்தில் ரோம் ஜெயித்துவிட்டது, அதுவும் சுற்றிவளைப்பு என்ற பேச்சே எழாமல்.

பலகை 22 ஹெக்ஸ் அகலம், 16 வரிசை. ஒரு காலாட்படைச் சில்லு 2,500 பேர். குதிரைப்படைச் சில்லு 1,000 பேர். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்லும் 80,000 ரோமக் காலாட்களில் 10,000 பேரை முகாமுக்கு விட்டது போக 70,000. அது 28 சில்லு: கனரகக் காலாட்கள் 22, வெலிட்டெஸ் (வேலெறியும் இலகு காலாட்கள்) 6. குதிரை 6 சில்லு. ஹானிபலின் 40,000 காலாட்களுக்கு 16 சில்லு: கௌலியரும் ஸ்பானியரும் சேர்த்து 9, லிபியர் (ஆப்பிரிக்கக் காலாட்கள்) 4, கவண்காரர் முதலிய இலகு படை 3. குதிரை 10. ஆகமொத்தம் 60 சில்லு.

மோதலுக்கு விகித அட்டவணை: இரு தரப்பு பலத்தின் விகிதத்துக்கு ஒரு பத்தி, அதில் பகடை முடிவு சொல்லும். லெஜியன் (ரோமக் கனரகக் காலாட்) சில்லின் பலம் 4, கௌலியருக்கு 3. ஒரு ஹெக்ஸில் இரண்டு சில்லு அடுக்கலாம், பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ரோம அடுக்கு 8, எதிரே 3. கீழ்நோக்கி மடக்கினால் 2:1. அந்தப் பத்தியில் ஒரு பகடையில் 4, 5, 6 விழுந்தால் தற்காப்பவர் ஒழிந்தார். ஹானிபலின் குதிரைத் தளபதி ஹஸ்த்ருபாலின் குதிரைகள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஆறாவது சுற்றுக்கு முன் ரோமரின் முதுகுக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதற்குள் நடு அணி காலி.

கௌலியரின் பலத்தை 5 ஆக்கிப் பார்த்தேன். அப்போது ரோமர் முன்னேறவே முடியவில்லை, பை போல உள்வாங்கும் அந்த வளைவு வரவில்லை. எங்கே பிசகு?

இன்னொன்று: 25 மி.மீ. ஹெக்ஸில் 18 மி.மீ. சதுரச் சில்லு போட்டிருக்கிறேன். திசை மாற்றித் திருப்பும்போது பக்கத்துச் சில்லில் இடிக்கிறது. அடுக்கும் சரிகிறது.


மூன்றாம்வரிசை:

பிசகு கௌலியரின் பலத்தில் இல்லை, அடுக்கைக் கூட்டும் விதியில் இருக்கிறது. உங்கள் அட்டவணைப்படி ஒரு கௌலியச் சில்லு ஒரு சுற்றில் பிழைக்க வாய்ப்பு பாதி. இரண்டு சுற்றில் கால். ஒன்பதில் சராசரியாக இரண்டுதான் மிஞ்சும். ஆறாம் சுற்றில் வரும் குதிரைக்கு அங்கே வேலையே இல்லை.

அன்று ரோமர் மனிப்பிள்களை (லெஜியனின் சிறு அணிகளை) வழக்கத்தைவிட நெருக்கி, அகலத்தைவிட ஆழத்தைப் பல மடங்காக்கி நிறுத்தினார்கள் என்கிறார் பொலிபியஸ். அந்த ஆழத்தில் பின்னால் நிற்பவன் வாள் எதிரியை எட்டாது. அவனால் இரண்டு காரியம் ஆகும்: முன்னால் இருப்பவன் ஓட முடியாது, முன்னால் இருப்பவன் களைத்தால் இவன் வருவான். ஆக, ஆழம் என்பது தாக்குபலம் அல்ல, தாக்குப்பிடிக்கும் பலம். உங்கள் விதி அதைத் தாக்குபலமாக எண்ணிவிட்டது. எண்ணிக்கையில் ஏறக்குறைய இரு மடங்கு இருந்த காலாட்படை அன்று ஏன் தோற்றது என்பதற்கான விடையே இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. அதனால் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

விகித அட்டவணையைத் தூக்கிவிட்டு இப்படி வையுங்கள். அடுக்கின் மேல் சில்லு மட்டும் சண்டையிடும். ஒவ்வொரு சில்லுக்கும் ‘உறுதி’ என்று ஓர் எண்: லெஜியன் 5, லிபியர் 5, கௌலியர்–ஸ்பானியர் 4. உறுதி எத்தனையோ அத்தனை அடி வாங்கினால் சில்லு பலகையை விட்டுப் போகும். தாக்குபவர் இரண்டு பகடை உருட்டிக் கூட்டுவார்.

5 அல்லது குறைவு: தாக்கியவருக்கு 1 அடி.
6–7: இருவருக்கும் 1 அடி.
8–9: தற்காப்பவர் ஒரு ஹெக்ஸ் பின்வாங்குவார், அடி இல்லை.
10 அல்லது மேல்: பின்வாங்கலும் 1 அடியும்.

லெஜியன் கௌலியரைத் தாக்கும்போது கூட்டுத்தொகையோடு +1. கணக்குப் போட்டால், கௌலியர் பின்வாங்க 36க்கு 21 வாய்ப்பு. அடி வாங்க 36க்கு 19. அதாவது ஒரு சுற்றுக்குச் சராசரியாக 0.58 ஹெக்ஸ் நகர்வார்கள், 0.53 அடி வாங்குவார்கள். ஆறு சுற்றில் மூன்று, மூன்றரை ஹெக்ஸ் உள்வாங்கியிருப்பார்கள். ஆனால் 4 அடியை எட்ட ஏழு சுற்றுக்கு மேல் ஆகும். நடு அணி வளைய வேண்டும், உடையக் கூடாது. எட்டும் ஒன்பதும் அடி இல்லாத பின்வாங்கலாக இருப்பதுதான் அந்த வளைவைத் தருகிறது. அங்கே ஓர் அடியைச் சேர்த்துவிட்டால் பழைய கதைதான்.

ரோமருக்கு ஆழத்தின் பலன் எங்கே? மேல் சில்லு 3 அடி வாங்கியதும் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் கீழ்ச் சில்லை மேலே கொண்டுவரலாம். இது மிகப் பெரிய பலன். ஓர் அடுக்கு மொத்தம் 10 அடி தாங்கும். ஆனால் நெரிசல் வந்தால் இந்த மாற்றம் கிடையாது. அதைக் கீழே சொல்கிறேன்.

தொடக்க நிறுத்தம்: ரோம கனரகம் 22 சில்லு, இரண்டிரண்டாக 11 ஹெக்ஸ். எதிரே கௌலியர் ஒவ்வொன்றாக 9 ஹெக்ஸ், இரு ஓரத்திலும் லிபியர் இரண்டு சில்லு கொண்ட ஓரோர் அடுக்கு. அதுவும் 11 ஹெக்ஸ். ஹானிபல் தன் வரிசையை மெலிதாக்கி ரோமரின் அகலத்துக்கு நீட்டியது உங்கள் சில்லு எண்ணிக்கையிலேயே அழகாக அமைந்துவிட்டது, அதைக் கெடுக்காதீர்கள். லிபியர் நிற்கும் வரிசையை அடி வரிசை என்று வையுங்கள். கௌலியரின் நடுச் சில்லுகள் அதற்கு இரண்டு வரிசை முன்னால், ஓரச் சில்லுகள் அடி வரிசையில், இடையில் இருப்பவை ஒரு வரிசை முன்னால். பிறை வந்துவிட்டது. பிறையின் மூக்குக்கும் ரோம முன்வரிசைக்கும் நடுவே 2 காலி ஹெக்ஸ். காலாட்படை நகர்வு 2 என்றால் முதல் சுற்றிலேயே நடுவில் கைகலப்பு.

இனி இரண்டு கட்டாயங்கள், இரண்டும் ரோமருக்கு.

எதிரி பின்வாங்கினால் அந்த அடுக்கு காலியான ஹெக்ஸுக்குள் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு விடக் கூடாது.

எதிரியைத் தொடாமல் நிற்கும் அடுக்கு, கைகலப்பு நடக்கும் மிக அருகிலுள்ள ஹெக்ஸை நோக்கி நகர வேண்டும். மோதல் நடுவில் மட்டும் இருப்பதால் ஓரத்து அடுக்குகள் நடுவை நோக்கி இழுபடும். ஒரு ஹெக்ஸில் மூன்றாவது சில்லு நுழையலாம், நுழைந்தால் ‘நெரிசல்’. நெரிசலில் தாக்குதலுக்கு −2, மேல்–கீழ் மாற்றம் கிடையாது, திசை திருப்ப முடியாது.

இந்த இரண்டாம் கட்டாயம் இல்லாவிட்டால் பை உருவாகாது. மோதலற்ற ரோமர் நேரே நடந்து லிபியரை முகத்துக்கு முகம் சந்திப்பார்கள், பிறகு திரும்ப யார் மிச்சம்?

அட்டை விஷயம்: 18 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 25.5 மி.மீ. ஹெக்ஸின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைத்தூரமே 25. திருப்பும்போது மூலை வெளியே நீட்டத்தான் செய்யும். 16 மி.மீ. ஆக வெட்டுங்கள், மூலைவிட்டம் 22.6, எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே அடங்கும். மூன்றாவது சில்லை அடுக்கின்மேல் வைக்காதீர்கள். அதைப் பலகை ஓரத்தில் எண்ணிட்ட பெட்டியில் வைத்துவிட்டு, அதே எண்ணுள்ள நெரிசல் குறியை ஹெக்ஸில் போடுங்கள். அடுக்கு எப்போதும் இரண்டுக்கு மேல் ஏறாது. கூர்முனை மேலே இருக்கும்படி ஹெக்ஸ் வரைந்தால் பலகை சுமார் 56 செ.மீ.க்கு 36 செ.மீ.; ஏ2 தாளில் ஓர இடம் விட்டு அச்சாகும்.


குதிரைச்சேணம்:

மேலே சொன்னதில் ஆழம் பற்றிய பகுதியை அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா சராசரியை நம்பி நடு அணியை விட்டுடாதீங்க. ஏழு சுற்று தாங்கும்கிறது ஒரு சில்லோட சராசரி. நாலு சுற்றுல நாலு அடி விழுற வாய்ப்பு ஒரு சில்லுக்கு 8 சதவீதம் கிட்ட. நடுவுல அஞ்சு சில்லு நாலு சுற்று தொடர்ந்து மோதினா, அதுல ஏதாவது ஒண்ணு உடையறதுக்கு மூணுல ஒரு பங்கு வாய்ப்பு. ஓட்டை ஒண்ணு விழுந்தா போதும், ரோமர் அது வழியா வெளியே போயிடுவாங்க.

இதுக்கு மருந்து சரித்திரத்துலயே இருக்கு. ஹானிபலும் அவர் தம்பி மாகோவும் அன்னைக்கு நின்னது நடு அணியில, கௌலியரோட. ரெண்டு தலைவர் சில்லு போடுங்க. ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு தலைவரும் தான் நிற்கிற ஹெக்ஸ்லயோ ஒட்டின ஹெக்ஸ்லயோ ஒரு அடியை அழிக்கலாம். தலைவர் நிற்கிற சில்லு உடைஞ்சா ஒரு பகடை. 1 விழுந்தா தலைவர் போனார். இது கார்தேஜ் ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு சுற்றும் உண்மையான முடிவு ஒண்ணைக் கொடுக்கும்: எந்த இடம் கிழியப்போகுது, அங்கே யாரை அனுப்புறது. கூடவே ஒவ்வொரு சில்லும் தன் முன்பக்கம் இருக்கிற ரெண்டு ஹெக்ஸைப் பிடிச்சு வெச்சிருக்கும், அதுல நுழையற எதிரி நின்னே ஆகணும்னு ஒரு வரி சேருங்க. இல்லன்னா பிறையில ஒரு சில்லு பின்வாங்கினதும் உண்டாகிற இடுக்குல ரோமர் நழுவிடுவாங்க.

இப்ப குதிரை. ஆறாவது சுற்றுல வருதுன்னு கவலைப்படுறீங்க. என்னைக் கேட்டா அதுதான் சரியான நேரம், அதை அவசரப்படுத்தாதீங்க. நேரக்கணக்கு இப்படி ஓடணும்.

ரோமர் வடக்கு விளிம்புல தெற்கைப் பார்த்து நிற்கிறாங்க. ஔஃபிடஸ் ஆறு அவங்க வலக்கைப் பக்கம், அதாவது பலகையோட இடது ஓரம். ஆறு ஒரு பத்தி, அதுக்கும் காலாட்படைக்கும் நடுவுல 3 ஹெக்ஸ். அங்கே ரோமக் குடிமக்கள் குதிரை 2 சில்லு, எதிரே ஹஸ்த்ருபாலோட ஸ்பானிய–கௌலிய கனரகக் குதிரை 6 சில்லு. மூணே ஹெக்ஸ் அகலம்கிறதால ஆறும் ஒரே நேரத்துல மோத முடியாது, மூணு முன்னாடி மூணு பின்னாடி. அந்த இடுக்குல வழக்கமான சுழன்று வந்து தாக்குற குதிரைச் சண்டை நடக்கலை, குதிரையை விட்டு இறங்கி ஆளோட ஆள் மோதினாங்கன்னு பொலிபியஸ் எழுதுறார். அதனால இந்தப் பக்கம் ‘மோதாம விலகுதல்’ யாருக்கும் கிடையாது. குடிமக்கள் குதிரைக்கு உறுதி 2, ஹஸ்த்ருபாலுக்குத் தாக்குதல் +2 கொடுத்தா முதல் ரெண்டு சுற்றுல முடிஞ்சிடும்.

உடைச்சதும் வர்றதுதான் முக்கியமான பகடை. ஜெயிச்ச குதிரை ஓடுறவனைத் துரத்திக்கிட்டு பலகையை விட்டே போயிடும். அந்தக் காலத்துக் குதிரைப்படையோட நோயே அது. தலைவருக்குப் ‘பிடி’ன்னு ஒரு எண் வையுங்க. ஒரு பகடை அந்த எண்ணுக்குள்ள விழுந்தா நிற்கும், மீறினா அடுத்த சுற்று முழுக்கத் துரத்தல்லயே போகும். ஹஸ்த்ருபாலுக்கு 5, ரோமத் தலைவர்களுக்கு 2. மூணாவது சுற்று அணி சேர்க்கறதுக்கு. நாலு, அஞ்சுல ரோமர் முதுகுக்குப் பின்னால வலது ஓரத்துக்கு ஓட்டம்: 11 ஹெக்ஸ் காலாட்படை அகலம், மேல ஒரு மூணு, மொத்தம் 14. குதிரை நகர்வு 7ன்னா சரியா ரெண்டு சுற்று.

அந்த ஓரத்துல ரோமத் தளபதி வாரோவோட நேசநாட்டுக் குதிரை 4 சில்லு, எதிரே நுமீடியர் (கார்தேஜ் பக்கம் நின்ன வட ஆப்பிரிக்க இலகு குதிரை) 4. நுமீடியருக்குக் கைகலப்பு பலம் கொடுக்கறது பலர் செய்யற தப்பு. அவங்க வேலை எதிரியை அந்த இடத்துலயே கட்டிப்போடறது. விதி: நுமீடியர் நெருங்கி வேல் எறியலாம், தாக்கப்பட்டா மோதலுக்கு முன்னாடியே 2 ஹெக்ஸ் விலகலாம். ரோமர் சுற்று தொடங்கும்போது ஒட்டி நுமீடியர் இருந்தா, நேசநாட்டுக் குதிரை அவங்களைத் தாக்கணும், இல்லன்னா அங்கேயே நிற்கணும். வேற பக்கம் போக முடியாது. ஹஸ்த்ருபாலோட குதிரை அவங்களுக்குப் பின்னால 3 ஹெக்ஸுக்குள்ள வந்ததும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பகடை. 1 விழுந்தா மட்டும் நிற்கும், மத்தபடி ஓட்டம். சரித்திரத்துலயும் மோதல் வரைக்கும் காத்திருக்கலை, வர்றதைப் பார்த்ததுமே கலைஞ்சாங்க. துரத்தற வேலையை நுமீடியர்கிட்ட விட்டுட்டு ஆறாவது சுற்றுல ஹஸ்த்ருபால் லெஜியன்களோட முதுகுல விழுவார்.

ஐநூறு நுமீடியர் சரணடைஞ்ச மாதிரி நடிச்சதா ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்ற கதைக்குத் தனி விதி போட வேண்டாம். பொலிபியஸ்கிட்ட அது இல்லை, ஆட்டத்துக்கும் அதனால ஒண்ணும் கூடாது.

வெலிட்டெஸும் இலகு படையும்: முதல் சுற்றுல ஒரு தடவை எறிஞ்சிட்டு பின்னால போகட்டும். இந்தப் போர்ல அதுக்கு மேல அவங்களுக்கு எடை கொடுக்காதீங்க.


கோணமானி:

லிபியர் எப்படித் திரும்புவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லையே. இது விதியாக எழுதும்போது பலருக்குச் சறுக்கும் இடம்.

ஹெக்ஸ் பலகையில் 90 டிகிரி திருப்பம் கிடையாது, 60 அல்லது 120தான். சில்லை ஹெக்ஸின் பக்கத்தைப் பார்த்து வைத்தால் முன்புறம் மூன்று ஹெக்ஸ் ஆகிவிடும், விலாப்புறம் குழம்பும். ஹெக்ஸின் முனையைப் பார்த்து வையுங்கள்: முன்புறம் 2, விலா 2 (இடம் ஒன்று, வலம் ஒன்று), பின்புறம் 2. மூன்றாம்வரிசை சொன்னபடி கூர்முனை மேலே உள்ள கட்டமானால், வடக்கு முனையைப் பார்க்கும் மேற்கோர லிபியர் 60 டிகிரி வலப்பக்கம் திரும்பினாலே அவர்கள் முன்புறத்தில் வடகிழக்கு ஹெக்ஸும் நேர் கிழக்கு ஹெக்ஸும் வந்துவிடும். அந்த நேர் கிழக்கு ஹெக்ஸில்தான் நடுவை நோக்கிப் போன ரோமனின் விலா இருக்கிறது. ஒரே ஒரு 60 டிகிரித் திருப்பம் போதும். கிழக்கோர லிபியர் அதே அளவு இடப்பக்கம். 120 கொடுத்தால் அவர்கள் தென்கிழக்கைப் பார்த்துத் தங்கள் கௌலியரின் முதுகைத்தான் காவல் காப்பார்கள்.

எப்போது திரும்பலாம்? ஏதாவது ஒரு ரோம அடுக்கு அடி வரிசையைத் தொட்ட பிறகுதான். அதுவரை லிபியர் அசையக் கூடாது. பிறையின் மூக்கு மூன்று ஹெக்ஸ் பின்வாங்கினால் பின்தொடரும் ரோமர் அடி வரிசைக்கு வந்துவிடுவார்கள். சுற்றுக்கு 0.58 என்ற கணக்கில் அது ஐந்தாம் சுற்றை ஒட்டி நடக்கும். அடுத்த சுற்றில் ஹஸ்த்ருபால். விலாவில் லிபியர், முதுகில் குதிரை, இரண்டும் ஒரு சுற்று இடைவெளியில் வந்துவிழும். குதிரைச்சேணம் சொன்ன நேரக்கணக்கோடு இது பொருந்துவதால்தான் இந்த எண்களை மாற்ற வேண்டாம் என்கிறேன்.

விலாவில் தாக்கினால் +2, முதுகில் +3. பின்வாங்க வேண்டிய சில்லுக்குப் போக ஹெக்ஸ் இல்லையென்றால் அந்தப் பின்வாங்கலுக்குப் பதில் 1 அடி. இந்தக் கடைசி வரிதான் சுற்றிவளைப்பைக் கொலைக்களமாக்குகிறது. திறந்த வெளியில் 8–9 என்பது வெறும் பின்வாங்கல்; பைக்குள் அதுவே ஓர் அடி, 10 அல்லது மேல் என்றால் இரண்டு அடி. ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியண்ட்ஸ்’ என்ற பலகையாட்டத்தை ஆடியவர்களுக்கு இது பழக்கமான கணக்கு, அதிலும் பகடையில் (பின்வாங்கலைக் குறிக்கும்) கொடி விழுந்து பின்வாங்க இடமில்லை என்றால் போக முடியாத ஒவ்வொரு ஹெக்ஸுக்கும் படையின் ஒரு கட்டையை இழக்க வேண்டும்.

லிபியருக்கு உறுதி 5 என்று லெஜியனுக்குச் சமமாக வைத்தது சரி. முந்தைய வெற்றிகளில் பறித்த ரோம ஆயுதங்களைத்தான் அவர்கள் அன்று தரித்திருந்தார்கள். முக்கியமாக, மோதலுக்கே வராமல் களைப்பில்லாமல் நின்றவர்கள். அவர்கள் மேல் ஐந்தாம் சுற்று வரை ஓர் அடிகூட விழாதபடி கார்தேஜ் ஆட்டக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெற்றி நிபந்தனை பற்றி ஒரு வார்த்தை. பொலிபியஸ் கணக்கில் ஹானிபல் இழந்தது கௌலியர் 4,000, ஸ்பானியரும் ஆப்பிரிக்கரும் 1,500, குதிரை வீரர் 200. லிவி 8,000 வரை சொல்கிறார். உங்கள் அளவில் அது இரண்டு மூன்று காலாட்படைச் சில்லு. எனவே ரோமப் படை அழிந்தது என்பதோடு மட்டும் கார்தேஜுக்கு வெற்றி கொடுக்காதீர்கள். 3 சில்லு வரை இழந்து ரோமக் கனரகத்தில் 15 சில்லை அழித்தால் முழு வெற்றி. 4 முதல் 6 வரை இழந்தால் சமன். அதற்கு மேல் போனால் ரோமுக்கு. தெற்கு விளிம்பு வழியாக வெளியேறும் ஒவ்வொரு ரோமச் சில்லும் அழிந்தவற்றின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கட்டும்.


சில்லுவெட்டி:

மூவருக்கும் நன்றி. சில்லுகளை 16 மி.மீ. ஆக வெட்டி, புதிய அட்டவணையோடு நான்கு ஆட்டம் ஆடியாயிற்று. பை வருகிறது. மூன்று ஆட்டத்தில் ஐந்தாம் சுற்றில் லிபியர் திரும்பினார்கள், ஒன்றில் ஆறாம் சுற்றில். நெரிசல் குறி விழுந்த அடுக்குகள் கண் முன்னால் உருக்குலைவதைப் பார்க்கும்போது விதி சரியாக அமர்ந்துவிட்டது என்று தெரிகிறது.

ஒரே சிக்கல் மிச்சம். ரோம ஆட்டக்காரருக்குக் கதை தெரியும். முதல் சுற்றில் முன்னேறாமல் நின்றுவிடுகிறார்; இல்லையென்றால் கீழ்ச் சில்லுகளைப் பிரித்து இரு ஓரத்துக்கும் அனுப்பி வரிசையை அகலமாக்கிவிடுகிறார். இரண்டுமே பையைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகின்றன. கட்டாயங்களை இன்னும் கூட்டினால் ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே?


மூன்றாம்வரிசை:

நிற்பதைத் தடுப்பது எளிது. அன்று மோதலைத் தேடி வந்தது ரோம். தளபதிப் பொறுப்பு நாள் மாற்றி நாள் கைமாறியது. அது வாரோவின் நாள். ஆகவே காலக்கெடு ரோமர் மேல் இருக்கட்டும்: ஆட்டம் 10 சுற்று, முடிவில் இரு தரப்பும் நிற்குமானால் கார்தேஜுக்கு வெற்றி. அதற்கு மேல் எதையும் கட்டாயமாக்க வேண்டாம்.

வரிசையைப் பிரிப்பதைத் தடை செய்யாதீர்கள், விலை வையுங்கள். ‘அணி மாற்றம்’ என்று ஓர் எண். அடுக்கிலிருந்து ஒரு சில்லைப் பிரித்துப் பக்கவாட்டில் அனுப்ப ஒரு பகடை அந்த எண்ணுக்குள் விழ வேண்டும். தவறினால் அந்த அடுக்கு அந்தச் சுற்றில் அசையாது. கன்னேயின் ரோமருக்கு அது 2; மூன்றில் ஒரு வாய்ப்பு. காரணம் தெளிவு: அவர்களில் பெரும்பகுதி, ட்ரெபியா, ட்ராசிமீன் போர்களில் ஹானிபலிடம் பழைய படைகள் அழிந்த பிறகு திரட்டியவர்கள். அவர்களைச் சேர்த்து நிறுத்தி நேரே நடக்கவைக்கலாம், களத்தின் நடுவில் கலைத்து அடுக்க முடியாது. நெருக்கி ஆழமாக நிறுத்தியதே அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

இதே விதியை ஜாமா போருக்குக் கொண்டுபோனால் அதன் அருமை தெரியும். கி.மு. 202இல் அங்கே ரோமத் தளபதி சிப்பியோ சண்டை நடுவில் படையை நிறுத்தி, பின்வரிசைகளான ப்ரின்சிபெஸையும் ட்ரியாரியையும் முன்வரிசையான ஹஸ்தாத்தியின் இரு பக்கமும் கொண்டுவந்து ஒரே நீண்ட வரிசையாக்கினார். அவர் படைக்கு ‘அணி மாற்றம்’ 5. அதே லெஜியன், அதே உறுதி 5, ஓர் எண் மட்டும் வேறு. பதினான்கு ஆண்டில் ரோமர் கற்றுக்கொண்டது அந்த எண்ணில் இருக்கிறது. அதனால் லெஜியனின் பலத்தை எந்தப் போருக்காகவும் மாற்றாதீர்கள்.

விதிகளை உறுதிசெய்யும் முன் ட்ரெபியாவிலும் சோதியுங்கள். கி.மு. 218 டிசம்பர், குளிர்ந்த ஆற்றைக் காலை உணவில்லாமல் கடந்துவந்த ரோமர் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 1 அடி. மாகோவின் ஆயிரம் காலாட்களும் ஆயிரம் குதிரைகளும் பதுங்கியிருந்து முதுகில் வருவார்கள். அங்கே நடு அணி உண்மையில் உடைந்தது; பத்தாயிரம் ரோமர் கார்தேஜ் வரிசையைக் கிழித்துக்கொண்டு பிளசென்ஷியா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே விதி கன்னேயில் வளைவையும் ட்ரெபியாவில் உடைப்பையும் தர வேண்டும். ட்ரெபியாவில் உடையவே இல்லை என்றால் கௌலியரின் உறுதி கூடுதலாக இருக்கிறது. 4ஐ 3 ஆக்கி, தலைவர் இருவரின் அடி அழிப்பைக் கன்னேக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள்.


குதிரைச்சேணம்:

ஜாமா வரைக்கும் போறதா இருந்தா யானையையும் இப்பவே எழுதி வெச்சுக்குங்க, கன்னேயில யானை கிடையாதுங்கறதால விட்டுப்போயிடும். எண்பதுக்கு மேலன்னு பொலிபியஸ் கணக்கு. சில்லுக்கு 10ன்னு 8 சில்லு, காலாட்படைக்கு முன்னால ஒரே வரிசை. முதல் சுற்றுல யானை மட்டும்தான் நகரும். சிப்பியோ மனிப்பிள்களை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிறுத்தி நேர்ச் சந்து விட்டிருந்தார், சந்துல வெலிட்டெஸ். அதனால ஒவ்வொரு யானைச் சில்லுக்கும் ஒரு பகடை: 1–2 விழுந்தா எக்காளச் சத்தத்துல மிரண்டு திரும்பித் தன் பக்கத்துலயே மிக அருகில இருக்கிற சில்லுக்கு 2 அடி, 3–4ன்னா சந்து வழியா பின்னால போயிடும், 5–6ன்னா எதிரே நிற்கிற சில்லுக்கு 2 அடி. மூணு முடிவுலயும் சில்லை எடுத்துடுங்க.

சந்து விடாத அணிக்கு 3–4உம் அடிதான். அதனால சந்து விடறதுக்கும் விலை வேணும்: சந்து விட்ட அணியில மேல்–கீழ் மாற்றம் முதல் ரெண்டு சுற்றுக்குக் கிடையாதுன்னு வையுங்க. திரும்பி ஓடற யானை எந்தப் பக்கம் போகும்கறதைக் கார்தேஜ் ஆட்டக்காரர்கிட்ட விடாதீங்க. அன்னைக்கு அது தன் பக்கக் குதிரைப்படை மேலதான் பாய்ஞ்சது, ரோமர் பக்கம் இருந்த நுமீடியத் தலைவர் மாசினிஸா அந்தக் கலவரத்துலதான் உள்ளே புகுந்தார். ஓரத்துல இருக்கிற ரெண்டு ரெண்டு யானைச் சில்லும் மிரண்டா அந்தப் பக்கத்துக் குதிரைக்குத்தான் அடின்னு நேரடியா எழுதிடுங்க.